நிவாரண வரைபடப் பணியில் தன்னார்வலராகச் சேர விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹியூமானிட்டேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீம், மிஸ்ஸிங் மேப்ஸ் ஆகிய இரண்டின் வழியாக வரைபடம் வரைய வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்தான் இவை. சில பதில்கள் நீளும், சில ஒரு வரியில் முடியும்.

இது என்ன வேலை?

வெள்ளமோ நிலநடுக்கமோ கொள்ளைநோயோ வந்த பகுதிக்குள் ஒரு நிவாரணக் குழு இறங்கும்போது முதலில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: வீடுகள் எங்கெங்கே இருக்கின்றன, அங்கே போக வழி எது. உலகின் பல கிராமப்புறங்களுக்கு இதைச் சொல்லும் வரைபடமே கிடையாது. செயற்கைக்கோள் படம் இருக்கும். ஆனால் அதிலிருந்து எத்தனை வீடு என்று எண்ணி எடுக்கவோ, வழி தேடவோ முடியாது. அந்தப் படத்தைப் பார்த்து வீடுகளையும் பாதைகளையும் ஒவ்வொன்றாக வரைந்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் சேர்ப்பதுதான் தன்னார்வலரின் வேலை. வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

இதை யார் தொடங்கினார்கள்?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது அதன் அடிப்படை. நிவாரணத்துக்கு இது எவ்வளவு உதவும் என்று உலகத்துக்குக் காட்டியது ஹெய்ட்டி. 2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸைச் சிதைத்தபோது அந்த நகருக்குப் பயன்படும்படியான வரைபடம் இல்லை. செயற்கைக்கோள் நிறுவனங்கள் தங்கள் படங்களை இலவசமாகத் திறந்துவிட்டன. பல நாடுகளிலிருந்து சில நூறு பேர் அவற்றைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்தார்கள். சில நாட்களிலேயே மீட்புக் குழுவினர் அந்த வரைபடத்தைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு இடிபாடுகளுக்கு நடுவே போனார்கள். அதே ஆண்டில் ஹாட் முறையான அமைப்பாகப் பதிவானது.

மிஸ்ஸிங் மேப்ஸ் 2014 நவம்பரில் வந்தது. ஹாட், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்கள் சேர்ந்து தொடங்கியது. பேரிடர் வந்தபிறகு அவசரமாக வரைவதைவிட, வர வாய்ப்புள்ள இடங்களை முன்கூட்டியே வரைந்து வைப்பது அதன் நோக்கம். என்னைக் கேட்டால் இரண்டில் இதுதான் முக்கியமான யோசனை. ஏன் என்று கீழே வருகிறது.

கூகுள் மேப்ஸ் இருக்கிறதே, இது எதற்கு?

இரண்டு காரணம். ஒன்று, கடைகளும் விளம்பரமும் வாகனப் போக்குவரத்தும் இல்லாத இடங்களை வரைந்து வணிக நிறுவனத்துக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நைரோபி நகரத்தின் கிபேரா குடிசைப் பகுதி பெரிய மக்கள்தொகை உள்ள இடம். ஆனாலும் 2009இல் மேப் கிபேரா என்ற முயற்சியில் அந்தப் பகுதி இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு நடந்து வரையும்வரை, பொதுவில் கிடைத்த வரைபடங்களில் அது ஏறக்குறைய வெற்றிடம்.

இன்னொன்று உரிமம். கூகுள் வரைபடத்தைப் பார்க்கலாம். அதற்கு அடியில் இருக்கும் தரவை அள்ளிக்கொண்டு போக முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு மாவட்டத்தின் எல்லா வீடுகளையும் பதிவிறக்கி, தடுப்பூசித் திட்டத்துக்குக் கணக்குப் போடலாம், காகிதத்தில் அச்சடிக்கலாம், இணையமே இல்லாத ஊரில் போனில் வைத்துக்கொண்டு வழி பார்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். தரவைத் திருத்திப் பொதுவில் வெளியிட்டால் மட்டும், அதையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

நான் வரைகிற ஒரு குடிசை உண்மையிலேயே யாருக்காவது பயன்படுமா?

எல்லோரும் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவுவது தெரியவந்தது. கினி நாட்டின் கெக்கெடு பகுதியில்தான் முதலில் தலைகாட்டியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே போனபோது கையில் சரியான வரைபடம் இல்லாததால் ஹாட் தன்னார்வலர்களிடம் கேட்டது. எபோலாவில் மருந்தைவிட முதலில் வேண்டியது ஆட்களைத் தேடுவது: நோயாளி எந்த ஊர், அவரோடு யார் யார் பழகினார்கள், அவர்கள் வீடு எங்கே. நோயாளி ஊர்ப் பெயரைச் சொல்வார். அதே பெயரில் பக்கத்திலேயே இன்னொரு ஊர் இருக்கும், அல்லது பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. எந்தக் காட்டுப் பாதை எந்தக் குடியிருப்புக்குப் போகிறது என்று தெரிந்தால்தான் அடுத்து எந்த ஊருக்கு நோய் போயிருக்கும் என்று யோசிக்கவாவது முடியும்.

இன்னொன்று தான்சானியாவின் செரெங்கெட்டி மாவட்டம். பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு அங்கே சட்டவிரோதம். இருந்தும் டிசம்பர் மாதத்தில் அதற்கென்றே ஒரு பருவம் வருகிறது. முகுமு என்ற ஊரில் ரோபி சாம்வெல்லி நடத்தும் பாதுகாப்பு இல்லத்துக்கு அதிலிருந்து தப்பிக்கும் சிறுமிகள் ஓடி வருகிறார்கள். எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு பெண் ஆபத்தில் இருக்கிறாள் என்று ராத்திரியில் தகவல் வரும். ஆனால் அந்தக் கிராமம் எங்கே இருக்கிறது, ஜீப் போகுமா என்று தெரியாது. 2015இல் ஜேனட் சாப்மன் தொடங்கிய கிரவுட்டூமேப் தான்சானியா என்ற முயற்சி இதற்காகத்தான் பிறந்தது. தொலைவில் இருக்கும் தன்னார்வலர்கள் படத்தைப் பார்த்து வீடுகளையும் வழிகளையும் வரைந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஊர்ப் பெயர், பள்ளி, மருத்துவமனை, கடை என்று நேரில் பார்த்துச் சேர்த்தார்கள்.

இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதிக்குப் பெரிய மதிப்பில்லை. நீங்கள் சென்னையிலோ டொராண்டோவிலோ உட்கார்ந்து வரையும் கூரைக்குக் கீழே யார் இருக்கிறார், அது வீடா மாட்டுக் கொட்டகையா, அந்த ஓடையை மழைக்காலத்தில் கடக்க முடியுமா என்றெல்லாம் அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். தான்சானியாவின் தார் எஸ் ஸலாம் நகரில் 2015இல் தொடங்கிய ரமானி ஹுரியா திட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் குடியிருப்புவாசிகளோடு தெருத்தெருவாக நடந்து, சாக்கடை எங்கே ஓடுகிறது, வெள்ளம் எந்த வீடுவரை ஏறியது என்று வரைந்தார்கள். மேலிருந்து எடுத்த எந்தப் படமும் இதைச் சொல்லாது.

என்ன தகுதி வேண்டும்?

ஒரு கணினி, ஒரு மவுஸ், சுமாரான இணைய இணைப்பு. பட்டம், புவியியல் படிப்பு எதுவும் வேண்டாம். மவுஸ் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு: டச்பேடில் நூறு வீடு வரைந்து பாருங்கள், மணிக்கட்டே சொல்லிவிடும். பொறுமை வேண்டும், அதற்குச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை.

ஆங்கிலம் தெரிந்தே ஆக வேண்டுமா?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மொழிபெயர்ப்பு முழுமையாக இருக்காது. திட்டங்களின் அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், சில பிரெஞ்சிலோ ஸ்பானிஷிலோ வரும். எளிய ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால் சமாளிக்கலாம்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். பெயர் புனைபெயராக இருக்கலாம். ஆனால் நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் அந்தப் பெயரில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். அப்புறம் டாஸ்கிங் மேனேஜர் என்ற, வேலையைப் பிரித்துத் தரும் ஹாட்டின் தளத்துக்குப் போய் அதே கணக்கால் உள்ளே நுழையுங்கள்.

அங்கே திட்டங்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு திட்டமும் ஒரு நிலப்பரப்பு. அது சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தொடக்கநிலையாளருக்கானது என்று குறித்திருக்கும், கட்டடம் மட்டும் கேட்கும் திட்டமாகப் பார்த்து எடுங்கள். ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் அது உங்கள் பெயரில் பூட்டப்படும், அதே நேரத்தில் வேறொருவர் அங்கே வரைய மாட்டார். பிறகு ஐடி எடிட்டர் என்ற வரையும் கருவி உலாவியிலேயே திறக்கும். நிறுவ எதுவும் இல்லை.

இதற்கு முன் ஒன்று: திட்டத்தின் அறிவுரையைப் படியுங்கள். முழுதாக. எந்தப் படத்தைப் பயன்படுத்த வேண்டும், எதை வரைய வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அதில் இருக்கும். வருகிற தவறுகளில் பாதி இதைப் படிக்காததால் வருபவை.

கட்டடத்தை எப்படி வரைவது? எல்லா வீடும் ஒரே மாதிரிதானே?

இல்லை, வேலையின் சுவையே இங்கேதான்.

கட்டடத்தின் மூலைகளைச் சுற்றிச் சொடுக்கி ஒரு வடிவம் போட வேண்டும், பிறகு அது கட்டடம் என்று குறிக்க வேண்டும். செவ்வக வீடு என்றால் க்யூ விசையை அழுத்தினால் மூலைகள் நேர்கோணமாகும். வட்டக் குடிசை என்றால் சில புள்ளிகள் வைத்துவிட்டு ஓ விசையை அழுத்துங்கள், வட்டமாகிவிடும். எத்தியோப்பியா, தென் சூடான், சாட் பக்கம் வட்டக் குடிசைகள் ஏராளம். அவற்றைச் சதுரமாக வரைந்து தள்ளுகிறவர்கள் நிறைய. நீங்கள் வரைந்ததைப் பிறகு சரிபார்ப்பவருக்கு அதைவிடக் கடுப்பேற்றுவது வேறில்லை.

செயற்கைக்கோள் நேர் மேலிருந்து பார்ப்பதில்லை, சற்றுச் சாய்வாகப் பார்க்கிறது. அதனால் உயரமான கட்டடத்தின் கூரை தரையிலிருந்து விலகித் தெரியும். கூரையின் வடிவத்தை வரைந்து, அதைக் கட்டடத்தின் அடிப்பாகம் இருக்கும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். ஓர் அடுக்கு வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. நிழலையும் சேர்த்து வரையாதீர்கள். ஆனால் நிழலைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: நிழல் விழுந்தால் அந்தப் பொருளுக்கு உயரம் இருக்கிறது. நிழலே இல்லாத செவ்வகம் பெரும்பாலும் களமோ, கூரை போய் அடித்தளம் மட்டும் நிற்கும் பழைய வீடோதான்.

ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளை ஒரே பெரிய பொட்டலமாக வரையக் கூடாது. அந்த வடிவங்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை குடும்பம், எத்தனை கொசுவலை என்று கணக்குப் போடுவார்கள். அதேபோல் சுற்றுவேலி வீடு இல்லை. தான்சானியா, கென்யா பக்கம் போமா எனப்படும் மாட்டுப்பட்டி முள்வேலியால் பெரிய வட்டமாகத் தெரியும். உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கூரைகள்தான் வீடுகள்.

வைக்கோல் போர், பாறை, தனி மரம் மூன்றும் புதியவர்களைக் குழப்பும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. களத்துக்குப் பக்கத்தில் இருப்பது வைக்கோல் போராகத்தான் இருக்கும், வாசலுக்கு ஒற்றையடிப் பாதை வரும் இடம்தான் வீடு என்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்கு உடனே படும்.

சாலை, ஆறு எல்லாம்?

திட்டம் கேட்டால் மட்டும் வரையுங்கள். சாலையில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, சந்திப்புகள் ஒட்டியிருக்க வேண்டும். படத்தில் ஒட்டியதுபோல் தெரிந்தாலும் புள்ளி இணையவில்லை என்றால் வழிகாட்டி மென்பொருளுக்கு அது முட்டுச் சந்து. இன்னொன்று வகை. ஊர்களை இணைப்பது, வயலுக்குப் போகும் வண்டித்தடம், ஆள் மட்டும் நடக்கும் பாதை என்று பிரிக்க வேண்டும். சாலை மண்ணா தாரா என்பதை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஆப்பிரிக்காவில் முக்கியமான மாவட்டச் சாலையே செம்மண்ணாக இருக்கும். அது எதை எதோடு இணைக்கிறது என்று பாருங்கள். ஆற்றை நீர் ஓடும் திசையில் வரைய வேண்டும்.

படத்தில் மேகம் மறைத்திருக்கிறது. அல்லது மங்கலாக இருக்கிறது. ஊகித்து வரையலாமா?

கூடாது. கட்டத்தை விடுவித்துவிட்டு, படம் சரியில்லை என்று குறிப்பெழுதுங்கள்.

ஏற்கெனவே அங்கே வரைந்தவை படத்தோடு பொருந்தாமல் கொஞ்சம் தள்ளித் தெரிகின்றன. நகர்த்தட்டுமா?

அவசரப்படாதீர்கள். வெவ்வேறு நிறுவனங்களின் படங்கள் ஒன்றோடொன்று சில மீட்டர் விலகியிருப்பது சகஜம். முன்பு வரைந்தவர் வேறு படத்தைப் பார்த்து வரைந்திருக்கலாம், அல்லது உள்ளூர்க்காரர் ஜிபிஎஸ் வைத்து நடந்து பதிவு செய்திருக்கலாம். அப்படியென்றால் அவருடையதுதான் சரி. படத்தை நகர்த்திப் பழைய வரைவோடு பொருத்திக்கொள்ளும் வசதி எடிட்டரில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அடுத்தவர் வரைந்ததை அழித்துவிட்டுப் புதிதாக வரைவதைத் தவிருங்கள். அப்படிச் செய்தால் பழையதன் பெயர், வரலாறு எதுவும் புதியதில் தொடராது.

தவறாக வரைந்துவிட்டால்?

ஒவ்வொரு கட்டத்தையும் அனுபவமுள்ள இன்னொருவர் சரிபார்ப்பார். குறை இருந்தால் திருத்துவார், அல்லது இன்னும் வேலை இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார். எல்லாத் திருத்தமும் பதிவில் இருப்பதால் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியும். எனவே பயந்து பின்வாங்க வேண்டாம்.

ஆனால் ஒன்று. சரிபார்ப்பவர்கள் எப்போதும் பற்றாக்குறைதான். வரைய ஆயிரம் பேர் வருவார்கள், அதைச் சரிபார்க்கக் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். சரிபார்ப்பவர் எழுதும் குறிப்பைப் படித்து அடுத்த கட்டத்தில் திருத்திக்கொள்ளுங்கள். படிக்காமல் அதே தவறை நூறு கட்டத்தில் செய்பவரால் வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நிறைய வரைந்து பழகியவுடன் நீங்களும் சரிபார்க்க வாருங்கள். நிறைவான வேலை அதுதான் என்பது என் கருத்து.

ஊர்ப் பெயர்களைக் கூகுள் மேப்ஸைப் பார்த்து எழுதலாமா?

கூடவே கூடாது. கூகுளின் வரைபடம், ஸ்ட்ரீட் வியூ, அச்சிட்ட வரைபடப் புத்தகம் எதிலிருந்தும் எடுத்து எழுதுவது உரிம மீறல். கண்டுபிடித்தால் நீங்கள் சேர்த்ததை எல்லாம் நீக்க வேண்டி வரும். எடிட்டரில் கொடுத்திருக்கும் பிங், எஸ்ரி போன்ற படங்கள் அனுமதி பெற்றவை. பெயர் தெரியவில்லையா, விட்டுவிடுங்கள்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.

அப்படியானால் மேப்ஸ்வைப். 2016இல் வந்த செயலி. செயற்கைக்கோள் படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகக் காட்டி, இதில் கட்டடம் இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் தொட வேண்டும், இல்லையென்றால் அடுத்த படத்துக்குத் தள்ள வேண்டும். ஆள் இல்லாத காட்டையும் பாலையையும் இப்படிக் கழித்துவிட்டால், விரிவாக வரைபவர்கள் வெற்று நிலத்தில் வீடு தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. பேருந்தில் போகும்போது செய்யக்கூடிய வேலை.

உங்கள் சொந்த ஊரை மேம்படுத்த ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி விடுபட்ட விவரங்களைக் கேள்வியாகக் கேட்கும்: இந்தச் சாலை தாரா மண்ணா, இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், இப்படி. எவ்ரி டோர் என்ற செயலி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. இரண்டுமே நேரில் பார்த்துப் பதிவதற்கானவை, சோபாவிலிருந்து ஊகிப்பதற்கில்லை.

பெரிய நிலநடுக்கம் நடந்திருக்கிறது. உடனே சேர்ந்து உதவலாமா?

சேரலாம். ஆனால் முதன்முதலாக மவுஸைப் பிடிப்பது அன்றாக இருக்க வேண்டாம்.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தபோது ஆயிரக்கணக்கான புதியவர்கள் வந்து குவிந்தார்கள். ஆர்வத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒரே வீட்டை இரண்டு பேர் வரைவதும், பாதைகள் இணையாமல் நிற்பதும், அவற்றைத் திருத்த அனுபவசாலிகளின் நேரம் கரைவதும் இப்படி ஆட்கள் வந்து குவியும்போது கூடவே வரும். நேபாளத்தில் வேலை நடந்ததற்கு முக்கியக் காரணம் நிலநடுக்கத்துக்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்தது. காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர் அமைப்பினர் அதற்கு முந்தைய ஆண்டுகளில் காத்மாண்டு பள்ளத்தாக்கின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வரைந்து வைத்திருந்தார்கள். நில அதிர்வுகள் நிற்கும் முன்பே, எந்த ஊருக்கு என்ன தேவை என்ற தகவல்களைத் திரட்டி வரைபடத்தில் காட்டத் தொடங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து யாரும் இதை ஒரு வாரத்தில் உருவாக்கியிருக்க முடியாது.

ஆகவே செய்தியில் எதுவும் வராத ஒரு செவ்வாய்க்கிழமை சேருங்கள். மலேரியா மருந்து தெளிக்கும் திட்டத்துக்கு எங்கோ ஒரு மாவட்டத்தில் வீடுகள் வரைய வேண்டியிருக்கும். அதில் கை பழகியிருந்தால், அவசரம் வரும்போது நீங்கள் சுமையாக இருக்க மாட்டீர்கள்.

இடிந்த வீடுகளைப் படத்தில் பார்த்துக் குறிக்க முடியுமா?

2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியபிறகு இதை முயன்றார்கள். பின்னர் தரையில் போய்ப் பார்த்தபோது தன்னார்வலர்களின் சேத மதிப்பீடு நிஜத்தோடு சரியாக ஒத்துப்போகவில்லை. காரணம் எளிது. மேலிருந்து தெரிவது கூரைதான். கூரை முழுசாக இருந்து சுவர் விழுந்த வீடு நல்ல வீடாகத் தெரியும். தகரம் மட்டும் பறந்த வீடு தரைமட்டமானதாகத் தெரியும். அதனால் பேரிடர்த் திட்டங்களில் பெரும்பாலும் உங்களிடம் கேட்பது, பேரிடருக்கு முந்தைய படத்தை வைத்து எந்த இடத்தில் எத்தனை வீடு இருந்தன என்று வரைவது. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு போனது என்று கணக்கிட முடியும். நீங்கள் பார்க்கும் படம் பழசாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி மனிதர்கள் வரைய வேண்டுமா?

நியாயமான கேள்வி. கூகுள் 2021இல் ஆப்பிரிக்காவின் 51.6 கோடி கட்டடங்களின் வடிவங்களைக் கணினி மூலம் கண்டறிந்து வெளியிட்டது. மைக்ரோசாஃப்டும் இதேபோல் வெளியிட்டிருக்கிறது. மெட்டாவின் ரேப்பிட் எடிட்டர் கணினி கண்டறிந்ததைக் காட்டி, சரியென்றால் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஹாட்டும் ஃபேர் என்ற சொந்தக் கருவியை உருவாக்கியிருக்கிறது.

தகரக் கூரை பளிச்சென்று தெரியும் சமவெளியில் இயந்திரம் நன்றாகவே செய்கிறது. மண்ணின் நிறத்திலேயே இருக்கும் ஓலைக் கூரையும், மரத்தடிக் குடிசையும், நெரிசலான குடிசைப் பகுதியும் வரும்போது தடுமாறுகிறது. பாறையை வீடு என்கிறது, நாலு வீட்டை ஒரு வீடு என்கிறது. சோகம் என்னவென்றால், வரைபடத்தில் விடுபட்டுப் போகும் மக்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறார்கள். வரையும் வேலை குறைந்து சரிபார்க்கும் வேலை கூடும் என்பது என் கணிப்பு.

வரைபடம் போடுவதால் யாருக்காவது தீங்கு வருமா?

வரலாம். திறந்த தரவு என்றால் எல்லோருக்கும் திறந்ததுதான். நிவாரண வண்டிக்கு வழிகாட்டும் அதே பாதை ஆயுதக் குழுவுக்கும் தெரியும். 2022இல் உக்ரைனில் போர் தொடங்கியபோது அந்த நாட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழுவினர், போர் நடக்கும்போது எங்கள் நாட்டை வரைய வேண்டாம் என்று வெளியாரைக் கேட்டுக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டியதுதான், அதில் விவாதமில்லை. மற்றபடி வீட்டுக்காரர் பெயர், தனிநபர் விவரங்கள், அடைக்கலம் தேடி வந்த பெண்கள் தங்கும் இல்லங்கள் போன்றவற்றை ஒருபோதும் வரைபடத்தில் போடாதீர்கள்.

தமிழர் வாழும் பகுதிகளில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. உலக வங்கியின் ஓப்பன் சிட்டீஸ் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட நகரங்களில் காத்மாண்டு, டாக்காவோடு மட்டக்களப்பும் ஒன்று. வெள்ளமும் புயலும் பழகிப்போன ஊர், சுனாமியும் கண்டது. இலங்கையின் இடர் முகாமைத்துவ நிலையத்தோடு ஹாட்டும் சேர்ந்து மண்முனை வடக்குப் பிரதேசத்தின் கட்டடங்களை ஒன்றுவிடாமல் வரைய முயன்றது. 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பதிவாயின.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பொதுமக்களே சொடுக்கிக் குறிக்கும் வரைபடம் ஒன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாகக் கொண்டு இணையத்தில் ஓடியது. அருண் கணேஷும் நண்பர்களும் செய்தது. தெருக்கள் ஏற்கெனவே வரைபடத்தில் இருந்ததால்தான் மக்களால் அவற்றைத் தொட்டுக் குறிக்க முடிந்தது.

உங்கள் ஊரில் நீங்களே உள்ளூர்க்காரர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரைத் தமிழில் சேர்ப்பது, ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சரியான இடத்தில் வைப்பது, ஏரிக்கரையில் வண்டி போகுமா என்று குறிப்பது போன்றவற்றை நைரோபியில் இருக்கும் தன்னார்வலரால் செய்ய முடியாது.

பணம் கிடைக்குமா? சான்றிதழ்?

பணம் கிடையாது. சான்றிதழும் தானாக வராது. சில நிகழ்ச்சிகளில் நடத்துபவர்கள் தருவதுண்டு. நீங்கள் என்ன வரைந்தீர்கள் என்பது முழுக்கப் பொதுவில் இருப்பதால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதையே காட்டலாம். மாணவர்களுக்கு யூத்மேப்பர்ஸ் என்ற பல்கலைக்கழக வலைப்பின்னல் 2015இலிருந்து இருக்கிறது.

எங்கள் கல்லூரியில் மேப்பத்தான் நடத்தலாமா?

தாராளமாக. எல்லோரும் ஒரே அறையில் கூடி வரையும் நிகழ்ச்சிதான் மேப்பத்தான். கணக்குகளை முந்தைய நாளே வீட்டிலிருந்து தொடங்கச் சொல்லிவிடுங்கள். ஒரே வைஃபையிலிருந்து ஐம்பது புதுக் கணக்கு தொடங்கினால் தளம் சந்தேகப்பட்டுத் தடுக்கலாம். எடுக்கப்போகும் திட்டத்தில் நீங்கள் முன்பே சில கட்டங்கள் வரைந்து பாருங்கள். சரிபார்க்கத் தெரிந்த ஓரிருவர் அறையில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். தவறு முதல் பத்து வீட்டிலேயே பிடிபட்டால் மிச்சம் தப்பும். யார் அதிகம் வரைந்தது என்று போட்டி மட்டும் வைக்காதீர்கள். பரிசுக்காக வரைந்த வீடுகளைத் திருத்துவது கொடுமை.

ஒரு கட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். என்ன ஆகும்?

பூட்டு இரண்டு மணி நேரத்தில் தானாகத் திறந்துகொள்ளும், வேறொருவர் தொடரலாம். எடிட்டரில் சேமித்தது வரைபடத்தில் இருக்கும், சேமிக்காதது போய்விடலாம். அதனால் பத்திருபது வீட்டுக்கு ஒருமுறை சேமித்துவிடுங்கள். எழுவதற்கு முன் நேரமிருந்தால், முடிந்தது என்று குறிக்காமல், இன்னும் வேலை பாக்கி என்பதைத் தேர்ந்தெடுத்து, கட்டத்தின் எந்தப் பக்கம் மிச்சம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கட்டம் மிகப் பெரிதாக, வீடுகள் நெருக்கமாக இருந்தால் அதை நான்காகப் பிரிக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. ஆனால் வரையத் தொடங்குவதற்கு முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும்.